அரிப்பு டொரிக் மாளிகை: ஒரு கட்டடத்தை வாசித்தல்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையே, கடலோர மண்மேட்டின் விளிம்பில் ஒரு பழைய மாளிகையின் சிதைவு நிற்கின்றது. சாந்து உதிர்ந்த செங்கற் சுவர்கள், தூண்களின் மிச்சம், கூரையில்லாத வானம், கீழே அலை. வவுனியாவிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். அப்பகுதி மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். அதனைக் கட்டியவர் வைத்த பெயர் வேறு. பிரித்தானியரின் பதிவுகளில் அதன் பெயர் ‘டொரிக்’.

கிரேக்கத் தூண்கள் மூன்று வகை, டொரிக், அயோனிக், கொரிந்தியன் என்று பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவிகள் பலரை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். அந்த மூன்றில் ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மாளிகை நமது வடமாகாணத்திலேயே இருக்கிறது என்பது அவர்களிற் பெரும்பாலோருக்குத் தெரியாது. இக்கட்டுரையில் அக்கட்டடத்தைப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கட்டடத்தைப் பார்த்து நான்கு கேள்விகள் கேட்கலாம். அதன் வடிவம் எங்கிருந்து வந்தது? எதனால் கட்டினார்கள்? யாருடைய பணத்தில் கட்டினார்கள்? இன்று அது யாருடையது? இந்த நான்கிற்கும் விடை தேடினால் ஒரு கட்டடத்தை ஓரளவு வாசித்துவிட்டோம் எனலாம்.

1. வடிவம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை என்பது பெரிய வீடு மட்டுமன்று. சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கர் நிலத்தின் நடுவே நின்று, அந்த நிலத்தின் வாடகையில் வாழ்ந்த வீடு அது. உழவர்கள் குத்தகை செலுத்துவார்கள். பிரபு மாளிகையில் இருப்பார். வீட்டின் முகப்பு, சாளரங்கள், முன்னால் விரியும் புற்றரை எல்லாமே, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இது என்னுடையது என்று சொல்லும்படி அமைக்கப்பட்டன. ஆகவே அத்தகைய வீட்டைப் படிக்கும்போது அதன் நிலத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் அந்த மாளிகைகளின் தோற்றத்தை மாற்றியவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்திரேயா பல்லாடியோ. அவர் 1580இலேயே இறந்துவிட்டார். ஆனால் 1570இல் அவர் வெளியிட்ட கட்டடக்கலை பற்றிய நான்கு நூல்கள் இங்கிலாந்துப் பிரபுக்களின் கைக்கு வந்து, அவர்களது வழிகாட்டியாயின. நடுவில் தூண் நிறைந்த முகப்பு, அதன்மேல் முக்கோண முடி, இடமும் வலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடியிற் பார்ப்பதுபோன்ற சமச்சீர், இவையே பல்லாடிய முறையின் அடையாளங்கள். இலண்டனுக்கு அருகே பேர்லிங்டன் பிரபு 1729இல் முடித்த சிஸ்விக் மாளிகை இதற்குப் பெயர்போன உதாரணம்.

பல்லாடியோ உரோமானியரைப் பார்த்துப் படித்தவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் உரோமையைத் தாண்டி நேராகக் கிரேக்கத்துக்கே போனார்கள். ஜேம்ஸ் ஸ்ரூவேட், நிக்கலஸ் றெவெற் என்ற இருவர் ஏதென்ஸ் நகருக்குச் சென்று பழைய கோயில்களை அளவெடுத்து, அவற்றின் வரைபடங்களின் முதற் தொகுதியை 1762இல் வெளியிட்டார்கள். அதற்குப் பின்னர் கிரேக்கப் பாணி என்பது படித்தவர்களின் நாகரிகமாயிற்று. இங்கிலாந்தின் ஹம்சயர் பகுதியில் 1804ஆம் ஆண்டளவில் ‘த கிரேஞ்ச்’ என்ற நாட்டுப்புற மாளிகையை அப்படியே ஒரு கிரேக்கக் கோயிலின் தோற்றத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். அதன் முகப்பில் நிற்பவையும் டொரிக் தூண்களே. அரிப்பு மாளிகை கட்டப்பட்டது 1801க்கும் 1804க்கும் இடையில். அதாவது இங்கிலாந்தில் புதிதாக இருந்த ஒரு கட்டடப் பாணி ஏறக்குறைய அதே காலத்தில் முசலிக் கரையையும் வந்து சேர்ந்துவிட்டது.

இனி டொரிக் என்றால் என்ன என்று பார்ப்போம். மூன்று கிரேக்க ஒழுங்குகளுள் மிகப் பழையதும் எளியதும் இதுவே. கிரேக்க டொரிக் தூணுக்குத் தனியான அடிப்பீடம் இல்லை. தரைமேடையிலிருந்து நேராக எழும். அடி பருத்து, மேலே போகப்போகச் சிறுக்கும். உடலில் மேலிருந்து கீழாகப் பள்ளக் கோடுகள் ஓடும், வழக்கமாக இருபது. தலையில் பூவேலை கிடையாது. வட்டமான ஒரு மெத்தை, அதன்மேல் சதுரமான ஒரு பலகை, அவ்வளவுதான். அயோனிக் தூணின் தலையில் சுருள்கள் இருக்கும். கொரிந்தியனில் இலைகள் இருக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்தாற் போதும், எந்தப் படத்தைப் பார்த்தாலும் வகையைச் சொல்லிவிடலாம்.

தூண்களுக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் உத்தரத்தில் மூன்று கோடு போட்ட கட்டைகளும் வெறும் பலகைகளும் மாறிமாறி வரும். கிரேக்கர் முதலில் மரத்தால் கோயில் கட்டினார்கள் என்றும், அந்த மரவளைகளின் வெட்டுமுனைகளே பிற்பாடு கல்லில் அலங்காரமாக நிலைத்தன என்றும் அறிஞர் பலர் விளக்குவர். நமது வீடுகளிலும் சீமெந்துத் தூணில் மரவேலைப்பாடு போலக் கோடு போடுவதுண்டல்லவா? பொருள் மாறினாலும் கைப்பழக்கம் மாறுவதில்லை.

உரோமக் கட்டடக் கலைஞர் விற்றுருவியஸ் டொரிக் தூணின் அளவை மனித உடலிலிருந்து எடுத்ததாக எழுதினார். ஓர் ஆணின் பாதத்தின் நீளம் அவனது உயரத்தில் ஆறில் ஒன்று. ஆகவே தூணின் உயரம் அடியின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு என்பது அவர் தந்த கணக்கு. ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் டொரிக் ஒழுங்கின் உச்சம். கி.மு. 447இல் தொடங்கிய அக்கோயிலில் முன்னும் பின்னும் எட்டுத் தூண்கள், பக்கங்களில் பதினேழு.

2. கட்டியவர்

அரிப்பு மாளிகையைக் கட்டுவித்தவர் பிரட்றிக் நோர்த். இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி. 1798 முதல் 1805 வரை பதவியில் இருந்தார். அவரது தந்தை நோர்த் பிரபு, அமெரிக்கக் குடியேற்றங்களைப் பிரித்தானியா இழந்த காலத்தில் அந்நாட்டின் பிரதமராக இருந்தவர். அவர்களது குடும்ப மாளிகை ஒக்ஸ்போர்ட் பகுதியிலுள்ள றொக்ஸ்ரன் அபே. ஆக, நாட்டுப்புற மாளிகையில் வளர்ந்த பிள்ளையே நமது தேசாதிபதி.

ஆனால் இந்த மனிதரிடம் ஒரு தனிப்பித்து இருந்தது. அது கிரேக்கப் பித்து. இளமையில் கிரேக்க நாடுகளில் அலைந்தார். கிரேக்க மொழியைக் கற்றார். 1791இல் கோர்பு தீவில் கிரேக்கத் திருச்சபையிலும் சேர்ந்தார். இலங்கையை விட்டுப் போன பின்னர் அதே கோர்புவில் 1824இல் ஒரு கல்விக்கழகத்தை நிறுவினார். இத்தகையவர் முசலிக் கரையில் ஒரு வீடு வேண்டுமென்று நினைத்தபோது தாமே அதற்கான வடிவத்தை வரைந்தார். அவர் தெரிந்தெடுத்த ஒழுங்கு டொரிக்காக இருந்ததில் வியப்பில்லை.

அவரோடு இலங்கையில் இருந்த பாதிரியார் ஜேம்ஸ் கோடினர் 1807இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இம்மாளிகையை மிகவும் புகழ்ந்திருக்கிறார். இத்தீவின் கட்டடங்களில் இதுவே அழகானது என்பதும், ஏதேனும் ஒரு கட்டட ஒழுங்குப்படி திட்டமிட்டுக் கட்டப்பட்டது ஏறக்குறைய இது ஒன்றே என்பதும் அவரது கருத்து. இங்கே மாணவிகள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ஒழுங்கு என்று அவர் சொல்வது கிரேக்க, உரோம ஒழுங்கை மட்டுமே. அநுராதபுரத்தின் தூபிகளுக்கும், திருக்கேதீச்சரம் போன்ற கோயில்களுக்கும், நமது பள்ளிவாசல்களுக்கும் தத்தமக்கென அளவும் விதியும் உண்டு. அவற்றை அவரது கண் ஒழுங்காகக் காணவில்லை. ஒரு நூலைப் படிக்கும்போது, எழுதியவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இம்மாளிகை தனித்து நிகழ்ந்த ஒன்றல்ல. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் வெல்லெஸ்லி பிரபு ஒரு பெரிய அரச மாளிகையைக் கட்டினார். 1799இல் தொடங்கி 1803இல் முடிந்த அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தின் கெடில்ஸ்ரன் என்ற நாட்டுப்புற மாளிகை. சென்னையில் 1802இல் விருந்து மண்டபம் ஒன்று கிரேக்கக் கோயிலின் தோற்றத்தில் எழுந்தது. இன்று ராஜாஜி மண்டபம் என அறியப்படுவது அதுவே. கல்கத்தா, சென்னை, அரிப்பு: மூன்றும் சில ஆண்டுகளுக்குள் எழுந்தவை. புதிதாக ஆட்சியைப் பிடித்தவர்கள், தாங்கள் நேற்று வந்தவர்கள் அல்லர், பழைய கிரேக்க, உரோமப் பேரரசுகளின் வாரிசுகள் என்று காட்டிக்கொள்ள விரும்பினார்கள். அதனைச் சொல்லுக்குப் பதிலாகத் தூணால் சொன்னார்கள்.

3. எதனால் கட்டினார்கள்?

கிரேக்கர் சலவைக்கல்லால் கட்டினார்கள். இங்கிலாந்தில் நல்ல கட்டடக்கல் கிடைத்தது. முசலிக் கரையில் இரண்டும் இல்லை. செங்கல்லை அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, தேய்த்து மினுக்கி, சலவைக்கல் போலத் தோன்றச் செய்தார்கள். இந்த வேலை நமது பிராந்தியத்தின் கொத்தனார்களுக்குக் கைவந்த கலை. சென்னையின் பழைய மாளிகைகளில் சிப்பிச் சுண்ணாம்புச் சாந்துடன் முட்டை வெண்கரு, தயிர், பனங்கட்டி முதலியன சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். ஆகவே வரைந்த கை நோர்த்துடையதாக இருக்கலாம். அதனைத் தூணாக நிற்கவைத்த அறிவு இக்கரை மனிதருடையது. அவர்களில் ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

இங்கே இரசாயனம் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு நல்ல பாடம் உண்டு. சிப்பியின் ஓடு பெரும்பாலும் கல்சியங் காபனேற்று. அதனைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறி, நீற்றாத சுண்ணாம்பு எஞ்சும். 100 கிராம் தூய கல்சியங் காபனேற்றிலிருந்து 56 கிராம் சுண்ணாம்பு கிடைக்கும்; 44 கிராம் வாயுவாகப் போய்விடும். சுண்ணாம்புக்கு நீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசியதும் அது மெல்ல மெல்லக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்ளிழுத்து, மீண்டும் கல்சியங் காபனேற்றாக இறுகும். சுருங்கச் சொன்னால், ஓடு மாவாகி, மாவு மறுபடி கல்லாகிறது.

முத்தும் பெரும்பாலும் அதே கல்சியங் காபனேற்றுத்தான். சிப்பி தன்னுள் புகுந்த உறுத்தலைச் சுற்றிப் படைபடையாகப் பூசும் பொருளும், தன் ஓட்டின் உட்பக்கத்துப் பளபளப்பும் ஒன்றே. கழுத்துக்குப் போன முத்தும் சுவருக்குப் போன ஓடும் பொருளால் வேறல்ல.

காலநிலையையும் பார்ப்போம். இங்கிலாந்தில் வெயில் குறைவு. அங்கே தூண்முகப்பு பெரும்பாலும் அழகுக்கும் பெருமைக்கும். மன்னாரில் நிலைமை வேறு. மாசி, பங்குனி மாதங்களின் வெயிலில் தூணுக்குப் பின்னால் விழும் நிழல் வீட்டுக்கு உயிர். நமது வீடுகளில் திண்ணையும் விறாந்தையும் செய்யும் வேலையை அங்கே கிரேக்கத் தூண்கள் செய்தன. மாளிகை இரண்டு தளங்களைக் கொண்டது. உச்சியில் தட்டையான கூரை. மழைக்காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை ஒடுங்கிவிடும் இப்பகுதியில் தட்டைக் கூரை தாக்குப்பிடிக்கும். அதன்மேல் ஏறி நின்றால் கடற்கரை முழுவதும் கண்ணுக்குள் வரும். அக்கூரைக்கு ஒரு தேவையும் இருந்தது. அதனை அடுத்த பகுதியிற் பார்ப்போம்.

4. யாருடைய பணத்தில்?

சென்ற ஆண்டு மாணவிகள் சிலரையும் அவர்களது பெற்றோரையும் அங்கே கூட்டிச் சென்றேன். சுவர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, “டீச்சர், இவ்வளவு பெரிய வீட்டுல அவர் வருஷத்துக்கு எத்தனை நாள் இருந்திருப்பார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. முத்துக்குளிப்பு நடக்கும் சில வாரங்கள் மட்டுமே. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் அமைதியாகத் தொடங்கும். தென்மேற்குக் காற்று எழுமுன் குளிப்பு முடிந்துவிடும். எல்லா ஆண்டும் குளிப்பு நடப்பதுமில்லை. சிப்பி முதிர்ந்த ஆண்டில் மட்டுமே. அந்தச் சில வாரங்களுக்காகவே டொரிக் எழுந்தது. நாட்டுப்புற மாளிகைக்கு முன்னால் வயல் இருப்பதுபோல இந்த மாளிகைக்கு முன்னால் கடல் இருந்தது. அதன் விளைச்சல் முத்து.

மன்னார்க் கடலின் முத்துப் படுகைகளைக் கடலோடிகள் ‘பார்’ என்பார்கள். பெரிய பார், சேவல் பார் என்று அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. முத்துக்குளிப்புக்குப் பழைய தமிழ்ச் சொல் சலாபம், சிலாபம். சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரிலும், மேற்குக் கரையிலுள்ள சிலாபம் என்ற ஊர்ப்பெயரிலும் அச்சொல்லே இருப்பதாகக் கொள்வர். 1344இல் புத்தளம் பக்கம் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி தமது குளிப்பில் எடுத்த முத்துக்களைத் தமக்குக் காட்டியதாக எழுதியிருக்கிறார். பின்னர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வந்தவர்கள் எல்லோரும் இக்கடலில் கண் வைத்தார்கள். அரிப்பில் போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டையும் இதற்காகவே. கண்டியில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் அருவியாற்றின் கரையோரமாகவே தப்பி வந்து, ஒல்லாந்தர் கையிலிருந்த அக்கோட்டையைத்தான் அடைந்தார்.

ஆங்கிலேயர் கையில் இக்கடல் வந்த உடனே 1797, 1798ஆம் ஆண்டுகளின் குளிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் ஈட்டிக்கொடுத்தன. அன்றைய இலங்கை அரசுக்கு அது மலைபோன்ற தொகை. ஆனால் அளவுக்கு மீறி அள்ளியதால் பார்கள் வறண்டன. அடுத்துவந்த ஆண்டுகளில் வருமானம் சரிந்தது. டொரிக் கட்டத் தொடங்கியபோது பெரும் அறுவடை ஏற்கெனவே கழிந்திருந்தது.

அந்தப் பணத்தின் அடியில் இருந்தவர்கள் சுழியோடிகள். தூத்துக்குடிப் பரவர், கீழக்கரை, காயல்பட்டினம் பகுதிகளின் முஸ்லிம்கள், மன்னார், யாழ்ப்பாணக் கடலோடிகள், பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் என்று பலர் வந்தார்கள். காலில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு, பத்து மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார்கள். மேலே தோணியில் இருப்பவர் இழுத்தெடுப்பார். ஒரு நாளில் எத்தனையோ முறை இவ்வாறு. சுறாவுக்குப் பயந்த சுழியோடிகள் கடல்கட்டி என்று மந்திரிப்பவர் ஒருவர் இல்லாமல் இறங்க மறுத்ததால், அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு சுழியோடிக்கு. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. அந்தப் பங்கு பிரிக்கும் அடைப்பைக் கொட்டு என்பார்கள். எழுத்தாளர் லெனாட் வுல்ப் 1906இல் மரிச்சுக்கட்டியில் அத்தகைய கொட்டில் அதிகாரியாக வேலை செய்தவர்.

அதே 1906இல் முத்துக்குளிப்பை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்குக் கொடுத்தார்கள். சிறிது காலத்திலேயே சிப்பி பொய்த்தது. பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தைக்கு வந்தன. முத்து இல்லாத கடலுக்கு முன்னால் மேற்பார்வை மாளிகைக்கு வேலை இல்லை.

வன்னிக்கும் இம்மாளிகைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அரிப்பில் செங்கல் ஏறிக்கொண்டிருந்த அதே 1803இல், நோர்த்தின் ஆட்சியை எதிர்த்துப் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அதே ஆண்டிலேயே கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். நமது பாடப்புத்தகத்தில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை. ஆண்டுகளை வரிசைப்படுத்தி எழுதினால் அவை பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒரு கரையில் கிரேக்க அமைதியுடன் மாளிகை. மறு கரையில் துப்பாக்கி.

5. இன்று அது யாருடையது?

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். அல்லி என்ற அரசி தமிழ் நாட்டார் கதைகளில் வருபவள். மதுரையை ஆண்டவள், அருச்சுனனை மணந்தவள் என்று அங்கே சொல்வார்கள். நமது கரையில் அவள் குதிரைமலையிலிருந்து ஆண்டாள், முத்துக்கடல் அவளுடையதாக இருந்தது என்பது கதை. செங்கல், சாந்து, தூண், எழுத்துப் பதிவு எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைக் காட்டும்போது, இது அல்லி கட்டியதல்ல என்பது தெளிவு. அப்படியானால் மக்கள் சொல்லும் பெயரைப் பிழை என்று அழித்துவிடலாமா?

என்னுடைய எண்ணம் வேறு. யார் கட்டியது என்ற கேள்விக்குப் பதிவேடு விடை தரும். யாருடைய கடல் என்ற கேள்விக்கு மக்கள் அல்லியின் பெயரால் விடை தருகிறார்கள். ஏழு ஆண்டுகள் ஆட்சி செய்த தேசாதிபதியை ஊர் மறந்துவிட்டது. ஒரு பெண்ணின் ஆட்சியை மறக்க விரும்பவில்லை. வரலாற்று மாணவி இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

அடுத்து அதன் நிலை. உப்புக்காற்று செங்கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பைக் கொண்டுசெல்கிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு பளிங்காகிப் பருத்து, செங்கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. சாந்து உதிர்ந்த இடத்தில் இது விரைவாக நடக்கும். மரவேர்கள் விரிசலுக்குள் இறங்குகின்றன. எல்லாவற்றையும் விடப் பெரிய பகை கீழே இருக்கிறது. அலை மண்மேட்டின் அடியை அரிக்க, மேடு சரிய, மாளிகையின் பகுதிகள் கடற்கரையில் விழுந்து கிடக்கின்றன. ஊரின் பெயரே அரிப்பு என்பதை அங்கே நின்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

“வெள்ளைக்காரன்ட வீடு விழுந்தா நமக்கென்ன?” என்று அன்று ஒரு தந்தையார் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு என் விடை இது.

என் உம்மா முசலிப் பகுதியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் கையில் எடுத்ததோடு புறப்பட்டது. யுத்தம் முடிந்து, இருபது ஆண்டுகளின் பின்னர் திரும்பிப் போனபோது ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய எங்கள் வீட்டைக் காணவில்லை. கிணற்றுக்கட்டு ஒன்று பற்றைக்குள் தென்பட்டது. உம்மா அதனருகே போய் நின்று, கிழக்கே எட்டு எட்டு வைத்து, “இது குசினி” என்றார். வடக்கே திரும்பி, “இதில்தான் வாப்பா தொழுவார்” என்றார். அங்கே மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. அவரது மனத்திலிருந்த வரைபடம் ஒன்றே எங்கள் வீட்டின் ஆதாரம். அவருக்குப் பிறகு அதுவும் இல்லை.

வருடத்தில் சில வாரங்கள் மட்டும் தங்கிய தேசாதிபதியின் வீட்டுக்கு நூலில் வருணனை இருக்கிறது. ஒழுங்கின் பெயர் இருக்கிறது. கட்டிய ஆண்டு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் வீட்டுக்கு ஒரு காகிதம்கூட இல்லை. இந்த வேறுபாட்டை உணர்த்த டொரிக் நிற்கவேண்டும். அதன் சுவரில் நோர்த்தின் கற்பனை மட்டும் இல்லை. பெயர் தெரியாத கொத்தனாரின் கை இருக்கிறது. சிப்பி எடுத்தவரின் மூச்சு இருக்கிறது. அவர்கள் நமக்கு விட்டுப்போன எழுத்து அதுதான். ஆகவே அங்கே போகும் பிள்ளைகள் சுவரில் பெயர் கீற வேண்டாம். நினைவுக்கென்று ஒரு செங்கல் துண்டையும் எடுத்துவர வேண்டாம். சரிந்த மேட்டின் விளிம்புக்குப் போகாதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. செய்து பார்ப்பதற்கு

மாணவிகளுக்கு மூன்று பயிற்சிகள் தருகிறேன். பெற்றோரும் சேர்ந்து செய்தால் நல்லது.

முதலாவது, வவுனியா நகரிலோ உங்கள் ஊரிலோ தூண் வைத்த ஒரு பழைய கட்டடத்தைத் தேடுங்கள். கச்சேரி, பாடசாலை, பள்ளிவாசல், தேவாலயம் எதுவாகவும் இருக்கலாம். தூணின் அடியை நூலால் சுற்றி அளந்து, அந்தச் சுற்றளவை 3.14ஆல் வகுத்து விட்டத்தைக் கண்டுபிடியுங்கள். உயரம் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு? ஆறுக்கு அண்மித்ததா, கூடுதலா? தலைப்பகுதியில் சுருளா, இலையா, வெறும் பலகையா? ஒரு பக்கத்தில் வரைந்து குறியுங்கள்.

இரண்டாவது, அந்தக் கட்டடம் எதனால் கட்டப்பட்டது, எப்போது, யாருடைய பணத்தில் என்று ஊர்ப் பெரியவர்கள் மூவரிடம் தனித்தனியே கேளுங்கள். மூன்று விடைகளும் ஒத்துவராவிட்டால் அவற்றைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். எதற்கு ஆதாரம் உண்டு, எது கதை என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் உம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, அவர் பிறந்த வீட்டை வரைந்து தரச் சொல்லுங்கள். வாசல் எந்தத் திசை, கிணறு எங்கே, அடுப்பு எங்கே, தொழும் இடம் எங்கே, முற்றத்தில் என்ன மரம், கூரை ஓலையா ஓடா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. தாளின் அடியில் ஊரின் பெயரையும், வீடு கட்டிய ஆண்டையும், வீட்டை விட்ட ஆண்டையும், வரைந்தவரின் பெயரையும் எழுதி ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். இன்னொரு பிரதியை எமது நூலகத்தில் ஒப்படையுங்கள். அதற்கென ஒரு கோவையை நான் திறந்து வைத்திருக்கிறேன். முதலாவது தாள் என் உம்மா வரைந்தது.